வந்தான், வந்தானாம்

‘அவன் ராத்திரி வீட்டுக்கு வந்தானாம்.’ விசாரணை அறையில் சாட்சி இப்படிச் சொல்கிறார். பக்கத்தில் இருக்கும் உரைபெயர்ப்பாளர், அவன் இரவு வீட்டுக்கு வந்தான் என்று ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கிறார். ஆள் சரி, நேரம் சரி, இடம் சரி, வினையும் சரி. பதிவாவதும் அதுதான். அடுத்த கேள்வி வருகிறது: ‘அவன் என்ன உடை போட்டிருந்தான்?’ சாட்சி திகைத்துப்போய், ‘எனக்கு எப்படித் தெரியும், நான் அங்கே இல்லையே’ என்கிறார். இரண்டு நிமிடம் முன்பு பார்த்ததாகச் சொன்னவர் இப்போது அங்கே இல்லவே இல்லை என்கிறார்! கேட்பவரின் குறிப்பேட்டில் ‘முரண்பாடு’ என்று ஒரு வரி விழுகிறது. பொய்யராக நிற்பது சாட்சி. ‘ஆம்’ என்ற விகுதியைத் தொலைத்தவர் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

பள்ளிக்கூடம் போகாத குழந்தைகூடச் சரியாகப் போடும் விகுதி அது. உரைபெயர்ப்பில் முதலில் கழன்று விழுவதும் அதுதான். கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று தமிழ் உரைபெயர்ப்பு ஒரு தொழிலாகவே நடக்கும் நாடுகளில், வேலையில் இருப்பவர்களுக்கான தொடர்பயிற்சிக்குக் குறைச்சல் இல்லை. பயிலரங்கு, இணையவழி வகுப்பு, நெறிமுறைப் பாடம், புள்ளிக் கணக்கு எல்லாம் உண்டு. அவற்றின் நிரலில் இந்த ‘ஆம்’ எட்டிப் பார்ப்பது அபூர்வம். இந்த உறுத்தல்தான் இதை எழுத வைக்கிறது. தமிழ் உரைபெயர்ப்பாளருக்குப் பயிற்சி வேண்டியது ஆங்கிலப் பக்கத்தில்தான் என்று எல்லோரும் நம்புகிறோம். ஓட்டை பெரும்பாலும் தமிழ்ப் பக்கத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

(சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கையில் எழுத்தில் செய்பவர் மொழிபெயர்ப்பாளர், பேச்சில் செய்பவர் உரைபெயர்ப்பாளர். தமிழ்நாட்டில் இரண்டு பேரும் மொழிபெயர்ப்பாளர்தான். அதனால் தொலைபேசியில் ‘நான் உரைபெயர்ப்பாளர்’ என்று அறிமுகம் செய்துகொண்டால், கும்பகோணத்துப் பாட்டிக்கு அது ஏதோ அரசாங்கப் பதவியாகக் கேட்கலாம். ‘நீங்க தமிழ்ல சொல்றதை நான் டாக்டருக்கு இங்கிலீஷ்ல சொல்வேன், அவர் சொல்றதை உங்களுக்குத் தமிழ்ல சொல்வேன். ஒண்ணும் விடமாட்டேன், ஒண்ணும் சேர்க்கமாட்டேன், வெளியிலே சொல்லமாட்டேன்’ என்று செயலைச் சொல்லிவிடுவது நல்லது.)

புள்ளி சேர்க்கும் படிப்பு

ஆஸ்திரேலியாவில் உரைபெயர்ப்பாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சான்றிதழ் தருவது 1977-இல் தொடங்கிய நாட்டி (NAATI) அமைப்பு. அது 2018-இல் தன் சான்றிதழ் முறையையே மாற்றியது. பலருடைய சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும் என்ற காலம் போய், மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு வேலை செய்ததற்கும் தொடர்ந்து கற்றதற்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்றானது. நோக்கம் நல்ல நோக்கம்தான். நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், ஒரே வகுப்பில் அரபு, வியட்நாமியம், தாரி, சோமாலி, தமிழ் என்று பத்து மொழிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பாடம் நடத்துபவருக்கு இவற்றில் ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே பாடம் எந்த மொழிக்கும் பொருந்துவதாக மட்டுமே இருக்க முடியும்: நடுநிலை, ரகசியம் காத்தல், குறிப்பெடுக்கும் சின்னங்கள், மனச்சோர்வைக் கையாளுதல், காணொளிச் செயலியின் பொத்தான்கள். எல்லாம் தேவைதான். ஆனால் இரண்டு காலில் ஒரு காலுக்கு மட்டும் செருப்பு தைத்துத் தரும் கடை இது.

இதே அமைப்பு நடத்தும் இன்னொரு தேர்வைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. சிசிஎல் (CCL) என்பார்கள், ஆங்கிலத்துக்கும் தாய்மொழிக்கும் இடையே உரையாடலை மாற்றிச் சொல்லும் தேர்வு. இரண்டு உரையாடல், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 சொல், ஒரு துண்டு 35 சொல்லைத் தாண்டாது, 90-க்கு 63 எடுக்க வேண்டும், ஒவ்வோர் உரையாடலிலும் குறைந்தது 29. குடியேற்றத்துக்கு ஐந்து புள்ளி வாங்கித் தருவதற்கான தேர்வு அது. அதில் தேறியவர் உரைபெயர்ப்பாளர் ஆகிவிடுவதில்லை. 35 சொல்லில் வெட்டித் தரப்பட்ட பேச்சு, நான்கு நிமிடம் மூச்சுவிடாமல் அழுதுகொண்டே பேசும் மனிதருக்கு யாரையும் தயார் செய்யாது.

தமிழ்ப் பக்கத்துத் தவறு ஏன் பிடிபடுவதில்லை? நீதிபதிக்குக் கேட்பது ஆங்கிலம் மட்டும். கட்சிக்காரருக்குப் புரிவது தமிழ் மட்டும். இரண்டையும் ஒருசேரக் கேட்பவர் அறையில் ஒருவர்தான், தவறு செய்கிறவரும் அவர்தான். ஆங்கிலம் தடுமாறினால் உடனே முகம் சுளிப்பார்கள். சரளமான ஆங்கிலத்தில் தப்பான பொருளைச் சொன்னால் தலையாட்டுவார்கள். பாராட்டுகூடக் கிடைக்கும்.

கனடாவில் இது சட்டப் பிரச்சினையாகவே இருக்கிறது. அந்நாட்டு உரிமைச் சாசனத்தின் 14-ஆம் பிரிவு, மொழி புரியாதவருக்கு உரைபெயர்ப்பாளர் உதவியை உரிமையாகத் தருகிறது. 1994-இல் டிரான் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த உதவி எப்படி இருக்க வேண்டும் என்று ஐந்து அளவுகோல் வைத்தது: விட்டுவிட்டு இல்லாமல் தொடர்ச்சியாக, துல்லியமாக, நடுநிலையாக, திறமையாக, பேச்சோடு சேர்ந்து உடனுக்குடன். 2010 ஆகஸ்டில் சன் சீ கப்பல் அடைக்கலம் தேடிய 492 தமிழரோடு பிரிட்டிஷ் கொலம்பியா கரையை அடைந்தபோது இந்த ஐந்தையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. தடுத்துவைக்கப்பட்ட ஒருவரின் காவலை 48 மணி நேரத்துக்குள் ஒருமுறை, அதன்பின் 7 நாளில், பிறகு 30 நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்தாக வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஆளுக்கு ஆள் தனித்தனியாக. ஒரு கப்பலுக்கு எத்தனை மணி நேரத் தமிழ் தேவைப்படும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். அகதி விசாரணையில் கைவசம் ஆவணம் குறைவு. ஆளின் சொல்தான் சாட்சியம். அந்தச் சொல் உரைபெயர்ப்பாளரின் வாய் வழியாகத்தான் போய்ச் சேர்கிறது.

நான் எடுத்தேனாம்

‘ஆம்’ விகுதிக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதற்குக் கேள்விப்பட்டது என்ற பொருள் மட்டும் இல்லை. கடையில் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்ட பெண், ‘நான் காசை எடுத்தேனாம்’ என்கிறார். எரிச்சலும் ஏளனமும் கலந்த மறுப்பு அது. எவனோ ஒருவன் என்மேல் பழி போடுகிறான் என்று பொருள். விகுதியைக் கழற்றிவிட்டு ஆங்கிலத்தில் சொன்னால் என்ன மிஞ்சுகிறது? நான் காசை எடுத்தேன். மறுப்பு, ஒப்புதல் வாக்குமூலமாகிவிட்டது. இதைவிடப் பெரிய தவறு உரைபெயர்ப்பில் செய்ய முடியாது. இதற்கு அருஞ்சொல் எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை, ஓர் உயிரும் ஒரு மெய்யும் காதில் விழுந்தால் போதும்.

ஏன் விழுவதில்லை? தமிழில் வினை கடைசியில் வருகிறது, விகுதி அந்த வினைக்கும் கடைசியில். ஆங்கிலத்தில் அதே தகவல் வாக்கியத்தின் தலையில் உட்கார வேண்டும்: சொல்கிறார்கள், கேள்விப்பட்டேன் என்று தொடங்கினால்தான் மீதி சரியாக வரும். நாலு வாக்கியத்தை நினைவில் சுமந்துகொண்டிருக்கும் மூளை, கடைசி வினையின் வேர்ச்சொல் கிடைத்ததும் ‘புரிந்துவிட்டது’ என்று கதவைச் சாத்திவிடுகிறது. வாயைச் சீக்கிரம் திறந்தவர்களுக்கு இது இன்னும் மோசம். ‘அவன் இரவு’ என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்ட பிறகு பின்னால் வந்து தலையை ஒட்ட முடியாது.

வழி இருக்கிறது, எளிய வழிதான். மேலே சுருள்கம்பி போட்ட சின்னக் குறிப்பேட்டில், பக்கத்தின் இடது ஓரம் இரண்டு விரல் அகலம் கோடு போட்டு ஒதுக்குங்கள். விகுதியில் ‘ஆம்’ கேட்டால் அந்த ஓரத்தில் ஒரு காது வரையுங்கள், வளைந்த ஒரு கோடு போதும். திருப்பிச் சொல்லும்போது கண் இடமிருந்து வலமாகத்தானே போகும்? முதலில் காது கண்ணில் படும், வாக்கியம் அங்கிருந்து தொடங்கும். ஏளனத்துக்குக் காதின் மேல் ஒரு ஆச்சரியக்குறி. அதே போல வினைமுற்றின் வாலைத் தனியாகக் குறியுங்கள்: வந்தான் என்றால் ‘ன்’, வந்தாள் என்றால் ‘ள்’, வந்தாங்க என்றால் ‘ங்க’. இந்தக் கடைசி ‘ங்க’ தமிழ் உரைபெயர்ப்பின் கண்ணிவெடி. வந்தது ஒரு மரியாதைக்குரிய பெண்ணா, பெரியவரா, நாலு பேரா? பேச்சில் மூன்றுக்கும் அதே உருவம். ஆங்கிலம் அவனா அவளா அவர்களா என்று உடனே தீர்மானிக்கச் சொல்லும். மனத்தில் தோன்றியதைப் போட்டுவிட்டு, அடுத்த பதிலில் ‘ஒருத்தர்தான் வந்தார்’ என்று வந்ததும் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்வது பலரும் செய்வது. அங்கேதான் முரண்பாடு பிறக்கிறது. ‘உரைபெயர்ப்பாளருக்குத் தெளிவு தேவைப்படுகிறது, தமிழ்ச் சொல் ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும்’ என்று படர்க்கையில் சொல்லி, அனுமதி வாங்கிக் கேட்டுவிடுவதுதான் முறை. படர்க்கை ஏன்? ‘நான்’ என்று சொன்னால் அது சாட்சியின் ‘நான்’ ஆகிவிடும்.

கேள்விப்பட்டதைச் சொல்லும்போது எதிர்ப்பக்கத்துக் குழி ஒன்றும் உண்டு. ‘வந்தானாம்’ என்பதை, என் அண்ணன் என்னிடம் சொன்னார் என்று விரிக்கக் கூடாது. யார் சொன்னது என்று சாட்சி சொல்லவே இல்லை. ‘வந்ததாகச் சொல்கிறார்கள்’ என்ற அளவோடு நிறுத்தினால், யார் சொன்னார்கள் என்று கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார்.

‘அண்ணன்’ என்றதும் இன்னொன்று. பெரியப்பா மகனும் அண்ணன்தான், பக்கத்து வீட்டுக்காரரும் அண்ணன்தான். விண்ணப்பத்தில் சகோதரர் இருவர் என்று எழுதியவர் விசாரணையில் மூன்று அண்ணன்களைப் பற்றிப் பேசுவார். உரைபெயர்ப்பாளர் குடும்ப மரம் வரைந்து விளக்கம் தர அங்கே வரவில்லை. அந்த வேலை வழக்கறிஞருக்கு. செய்ய வேண்டியது, ‘அண்ணன்’ என்ற சொல்லைத் தமிழிலேயே உச்சரித்து, இது உடன்பிறந்தவரையும் மற்றவரையும் குறிக்கலாம் என்று ஒரு வாக்கியத்தில் கொடி காட்டுவது.

அப்புறம் ‘ஓம்’. யாழ்ப்பாணத்தவர் ஓம் என்பார், மதுரைக்காரர் ம் என்பார், சரி என்பார். பாதி நேரம் அது ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்’ என்பதற்கான சத்தம். கேள்வி முடியும் முன்பே வரும் அந்தச் சத்தத்தை ஆங்கிலத்தில் ஆமாம் என்று பதிந்தால், கேள்வி முழுவதையும் ஒப்புக்கொண்டதாக ஆகும். எதிர்மறைக் கேள்வி இன்னும் வம்பு. ‘நீங்கள் போலீஸில் புகார் கொடுக்கவில்லையா?’ ‘ஓம்.’ தமிழில் இதற்கு, நீங்கள் சொல்வது சரி, கொடுக்கவில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் இல்லை என்றுதான் தொடங்க வேண்டும். சிலர் ஆங்கிலப் பழக்கத்தில் ‘ஓம், கொடுத்தேன்’ என்ற பொருளிலும் சொல்வார்கள். ஆகவே ஒற்றைச் சொல் பதிலை அப்படியே நம்பாமல், தெளிவு கேட்கலாமா என்று அனுமதி வாங்கி, முழு வாக்கியமாகச் சொல்ல வைப்பதே பாதுகாப்பு.

வருத்தமும் கிழமையும்

‘அம்மாவுக்கு வருத்தம்.’ தமிழ்நாட்டுக் காதுக்கு அம்மா மனம் நொந்திருக்கிறார். ஈழத்துக் காதுக்கு அம்மாவுக்கு நோய். ‘ரெண்டு கிழமையா வருத்தம்’ என்றால் இரண்டு வாரமாக உடம்பு சரியில்லை. ஆனால் கிழமை என்றால் ஞாயிறு திங்கள் என்று மட்டும் நினைக்கும் சென்னைக்காரருக்கு இரண்டு நாளாகத் தோன்றலாம். இரண்டு நாள் கவலைக்கும் இரண்டு வார நோய்க்கும் மருத்துவர் ஒரே மருந்து எழுதமாட்டார்.

தனித்தனியாகப் பார்த்தால் இவை வேடிக்கைச் செய்திகள். நேரலை உரைபெயர்ப்பில் ஆபத்து, ஏனென்றால் இவை தெரியாத சொற்கள் அல்ல. தெரியாத சொல் வந்தால் நின்று கேட்போம். ‘சத்தி’, ‘திறப்பு’, ‘கதிரை’ என்றால் தமிழ்நாட்டவர் உடனே விழிப்பார். வாந்தி, சாவி, நாற்காலி என்று தெரிந்துகொள்வார். தெரிந்த சொல் வேறு பொருளில் வந்தால்தான் சந்தேகமே எழாமல் கடந்துபோகிறோம். தடிமன் அங்கே ஜலதோஷம், இங்கே பருமன். துவக்கு அங்கே துப்பாக்கி. வெடி விழுந்தது என்றால் அங்கே சுட்டார்கள், இங்கே பட்டாசு. செல் விழுந்தது என்றால் எறிகணை. கைப்பேசி கீழே விழவில்லை. எல்லாவற்றிலும் என்னைக் கவலைப்பட வைப்பது விறைப்பு. ‘கை விறைச்சுப் போச்சு’ என்று யாழ்ப்பாணத்தவர் சொன்னால் உணர்ச்சி இல்லாமல் மரத்துப்போவதைச் சொல்கிறார். எழுத்துத் தமிழிலும் தமிழ்நாட்டிலும் விறைப்பு என்றால் மடக்க முடியாத இறுக்கம். பக்கவாதத்தின் அறிகுறியைத் தேடும் மருத்துவருக்கு மூட்டுவலிக்காரரை அனுப்பிவைக்கலாம், அல்லது அதற்கு நேர்மாறு நடக்கலாம். ‘தொட்டால் தெரியுதா, மடக்க முடியுதா?’ என்று இரண்டையும் பிரித்துக் கேட்கும்படி மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களே பரிசோதனையில் இறங்க வேண்டாம்.

வன்முறையைச் சொல்லும் வினைகளும் இப்படித்தான். தூக்கிட்டாங்க என்றால் கைது செய்தார்கள் அல்லது கடத்தினார்கள். போட்டுட்டாங்க என்றால் கொன்றுவிட்டார்கள். அடிச்சுப்போட்டுப் போனாங்கள் என்பதில் வரும் ‘போட்டு’ வெறும் துணைவினை, யாரும் எதையும் வீசி எறியவில்லை. சாத்தினாங்கள் என்றால் கதவு இல்லை, அடி.

லண்டனில் திருட்டுப் புகார் எடுத்துப் பார்ப்போம். ‘பத்துப் பவுண் சங்கிலி போச்சு.’ பத்துப் பவுண் மதிப்புள்ள சங்கிலி என்று போலீஸ்காரர் எழுதிக்கொண்டால் புகார் அங்கேயே செத்தது. பவுண் எட்டு கிராம். போனது 80 கிராம் தங்கம். இங்கே அலகைப் பணத்திலிருந்து பிரித்துக் காட்டியே ஆக வேண்டும். மற்ற அளவுகளில் என் பழக்கம் வேறு: மாற்றாமல் அப்படியே சொல்லி, கேட்டால் மட்டும் விளக்குவது. யாழ்ப்பாணத்துக் காணியைப் பரப்பில் சொல்வார்கள், 16 பரப்பு ஓர் ஏக்கர். நாலு பரப்பு என்றால் நாலு பரப்பு என்றே ஆங்கிலத்திலும் போகட்டும். தைப்பொங்கலுக்கு மறுநாள் என்றால் அதுவே போகட்டும், நாள்காட்டி பார்க்கும் வேலை நமக்கு வேண்டாம். லட்சத்தை மட்டும் மாற்றித்தான் ஆக வேண்டும்: ஒன்றரை லட்சம் என்றால் நூற்றைம்பது ஆயிரம், பத்து லட்சம் என்றால் ஒரு மில்லியன். ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் மூன்றும் வாய்க்குள் முட்டிக்கொள்வதற்கும் தனியாகப் பயிற்சி தேவை. தினம் இருபது எண்ணை யாரையாவது தமிழில் வாசிக்கச் சொல்லி, எழுதாமல் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகினால் ஒரு மாதத்தில் படிந்துவிடும்.

மூன்று நிமிடத்துக்கு நாற்பது நிமிடம்

வேலை பார்த்துக்கொண்டே வளர ஒரே வழி, நம் குரலை நாமே கேட்பது. இதில் எல்லோருக்கும் கூச்சம் உண்டு, அதனால்தான் பயிலரங்கு பிடிக்கிறது; அங்கே இன்னொருவர் பேசுவார். உண்மையான வேலையை ஒருபோதும் பதிவு செய்யக் கூடாது. நெறிமுறை ஒருபுறம், பல நீதிமன்றங்களில் அது குற்றமும்கூட. குறிப்புத் தாளையும் அங்கேயே கிழித்துவிட வேண்டும். பயிற்சிக்குப் பொதுவெளி ஒலிகளே போதும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழ் ஒலிபரப்பின் நேர்காணல்கள் நல்லவை, தமிழ்நாட்டுக் குரலும் ஈழத்துக் குரலும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. செய்தி வாசிப்பை எடுக்காதீர்கள். அது எழுத்துத் தமிழ், யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு, பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் இங்கிலாந்தின் கிரௌன் நீதிமன்றங்களில் 2022 ஜூலையிலிருந்து ஒளிபரப்ப அனுமதிக்கப்பட்ட தண்டனைத் தீர்ப்புரைகளைப் பாருங்கள். நீதிபதி குற்றவாளியைப் பார்த்தே பேசுகிறார், வாக்கியம் நீளம், சொல் கடினம், உணர்ச்சி அடக்கம். பழக இதைவிட நல்ல தீனி இல்லை.

ஒரு கருவியில் ஒலியை ஓட்டி, இன்னொன்றில் உங்கள் குரலைப் பதியுங்கள். மூன்று நிமிடம் போதும். முப்பது, நாற்பது நொடிக்கு ஒருமுறை நிறுத்திச் சொல்லுங்கள். அதன் பிறகுதான் உண்மையான வேலை. மூலத்தையும் உங்கள் குரலையும் துண்டு துண்டாக மாற்றி மாற்றிக் கேட்டு, விட்டது, சேர்த்தது, பொருள் மாறியது, வால் விழுந்தது என்று நான்கு கட்டம் போட்டு நிரப்புங்கள். வால் என்பது மேலே சொன்ன விகுதிகள்: ஆம், ங்க, ஏ, ஓ, தானே, போல, நாங்களா நாமா. மூன்று நிமிட ஒலிக்கு நாற்பது நிமிடம் பிடிக்கும். வாரம் ஒன்று போதும். முதல் நாலு வாரம் நான்காம் கட்டம்தான் நிரம்பி வழியும். தாய்மொழி தெரியும் என்ற திமிர் அங்கே கொஞ்சம் அடங்கும்.

ஐரோப்பிய ஆணையம் உரைபெயர்ப்பு மாணவர்களுக்காகத் தரவாரியாகப் பிரித்து உரைகளைத் தொகுத்து வைத்திருக்கிறது. ஆங்கில உரைகளை நாமும் பயன்படுத்தலாம். தமிழுக்கு அப்படி ஒரு களஞ்சியம் இல்லாததால் நாமே திருடித் தின்ன வேண்டியிருக்கிறது. அகராதியில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பக்கத்தில் இருக்கட்டும். 1992-இல் வந்தது, 2008-இல் விரிவாக்கியபோது இலங்கை வழக்குகளையும் அடையாளமிட்டுச் சேர்த்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி பெரிய புதையல்தான், போலீஸ் நிலையத்துக்கு உதவாது.

சொற்பட்டியல் தயாரிக்காத உரைபெயர்ப்பாளர் கிடையாது. பெரும்பாலும் இரண்டு நெடுவரிசை: இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். அது பரீட்சைக்கு ஆகும். வேலைக்கு ஐந்து வேண்டும்: ஆங்கிலச் சொல், தமிழ்நாட்டு வழக்கு, இலங்கை வழக்கு, பன்னிரண்டு சொல்லுக்குள் பேச்சு விளக்கம், செய்யக்கூடாத தப்பு. ஒரே ஆவணம் இங்கே பிரமாணப் பத்திரம், அங்கே சத்தியக் கடதாசி. வழக்கறிஞர் அங்கே சட்டத்தரணி, பிடிவாரண்ட் அங்கே பிடியாணை. கடைசி நெடுவரிசைதான் என் பார்வையில் விலைமதிப்பற்றது. ‘கிரானிக்’ என்றால் நாள்பட்டது, கடுமையானது அல்ல. சோதனை முடிவு ‘பாசிட்டிவ்’ என்று அப்படியே சொன்னால் நோயாளி ‘அப்பாடா’ என்று சிரிப்பார். நோய் இருப்பது தெரிந்திருக்கிறது என்று சொல்லுங்கள். ‘பயாப்ஸி’க்குத் திசு ஆய்வு என்று மட்டும் சொல்லிவிட்டால் பாட்டிக்குப் புரியாது, சதையில் சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பது என்றால் புரியும். ஆனால் மருத்துவர் கலைச்சொல் பேசினால் கலைச்சொல்லையே சொல்லி, விளக்கத்தை அவரிடமே கேட்கச் சொல்ல வேண்டும் என்ற வாதமும் உண்டு. விதிப்படி அதுதான் சரி. நடைமுறையில், இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதை மருத்துவருக்கும் தெரிவிப்பவர்களைத்தான் நான் மெச்சுவேன்.

போலீஸ் எச்சரிக்கை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கைது செய்யும்போது போலீஸார் ஓதும் மூன்று வாக்கியம் உண்டு, 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வந்த வாசகம். முதலாவதும் மூன்றாவதும் சுலபம். நடுவாக்கியத்தில்தான் தமிழ் குப்புற விழுகிறது. ஆங்கிலத்தில் விளைவு முதலில், நிபந்தனை பிறகு, அந்த நிபந்தனைக்குள் இன்னொரு நிபந்தனை. அவசரத்தில் வருவது பெரும்பாலும் இப்படி: ‘எதுவும் சொல்லத் தேவையில்லை, ஆனால் சொல்லாவிட்டால் உங்களுக்குப் பாதிப்பு.’ இது எச்சரிக்கை இல்லை, மிரட்டல். முதல் வாக்கியத்தில் கொடுத்த உரிமையை இரண்டாவது வாக்கியத்தில் பிடுங்கியாயிற்று.

தமிழின் போக்கில் நிபந்தனையை முன்னால் கொண்டுவந்தால் முடிச்சு அவிழும்: ‘நீங்கள் எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் உங்கள் தரப்புக்கு ஆதாரமாகப் பின்னால் கோர்ட்டில் ஒரு விஷயத்தைச் சொல்லப் போகிறீர்கள் என்றால், அதை இப்போது கேட்கும்போது சொல்லாமல் விட்டால், அது உங்கள் தரப்பைப் பாதிக்கலாம். நீங்கள் சொல்வது எதுவானாலும் சாட்சியமாக வைக்கப்படலாம்.’ ‘பாதிக்கும்’ என்று உறுதியாகச் சொல்லக் கூடாது, ‘பாதிக்கலாம்’ மட்டுமே. இதை மனப்பாடம் செய்வது ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். போலீஸார் மனப்பாடமாகத்தானே ஓதுகிறார்கள்? மாறாத வாசகத்துக்கு மாறாத தமிழ் இருப்பதுதான் நியாயம். மற்ற நாட்டு வாசகம் வேறு, அதை அப்படியே கொண்டுபோகாதீர்கள்.

நாலு பேர் கூடினால்

தனியாகப் பழகுவதில் ஓர் எல்லை வருகிறது. நம் வழக்கில் இல்லாத சொல்லை நாமே கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தான் நாலு பேர் வேண்டும், நாலும் ஒரே ஊராக இருந்தால் பயனில்லை. ஒருவர் யாழ்ப்பாணம், ஒருவர் தமிழ்நாடு, ஒருவர் மட்டக்களப்போ மலையகமோ, நான்காமவர் அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த இளையவர். இந்த நான்காமவரைக் குழுக்களில் சேர்க்கத் தயங்குகிறோம், அவருடைய தமிழ் அம்மாவிடம் சோறு கேட்கும் தமிழ் என்று. அவருடைய ஆங்கிலக் காது நமக்குக் கிடையாது என்பதை மறந்துவிடுகிறோம். நாம் சரி என்று நினைத்துச் சொல்லும் ஆங்கிலம் அந்த ஊர் நடுவருக்கு எப்படிக் கேட்கிறது என்று அவரால்தான் சொல்ல முடியும்.

மாதம் ஒருமுறை, காணொளியில் 75 நிமிடம், நான்கு சுற்று. முதலாமவர் தன் ஊர்ப் பேச்சில் இரண்டு நிமிடக் கற்பனைச் சம்பவம் ஒன்றைச் சொல்கிறார். எழுதி வைத்து வாசிக்கக் கூடாது, வாசித்தால் வால்கள் எல்லாம் வெட்டுப்பட்டு எழுத்துத் தமிழாகிவிடும். கேட்டதும் பார்த்ததும் கலந்திருக்கட்டும், ஒரு ‘ங்க’ வரட்டும், ஒரு கிழமையோ பொங்கலோ வரட்டும். இரண்டாமவர் குறிப்பெடுத்து ஆங்கிலத்தில் சொல்கிறார். மூன்றாமவர் இரண்டையும் கேட்டுக் கட்டத்தை நிரப்புகிறார். நான்காமவர் தமிழ் ஓடும்போது ஒலியை அணைத்துவிட்டு, ஆங்கிலத்தை மட்டும் கேட்கிறார், விசாரணை அறையில் உட்கார்ந்திருப்பவரைப் போல. சுற்று முடிந்ததும் அவரிடம் மூன்றே கேள்வி: கண்ணால் பார்த்தது யார்? வந்தது எத்தனை பேர்? எப்போது? முதல் கேள்விக்கே பதில் தப்பாக வந்தால், மற்ற இரண்டையும் கேட்காமல் பதிவைப் பின்னால் ஓட்டுங்கள்.